பஸ்சில் ஏறினால் கதை கிடைக்கும்!

ஊட்டியைப் பார்க்காத மாணவன் ஊட்டியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான்.

ஆக்ராவுக்குப் போகாத மாணவி தாஜ்மகாலின் அழகை இரண்டு பக்கம் வர்ணிக்கிறாள்.

இது எப்படி?

நோட்ஸ் இருக்கிறதே! "நீ சென்று வந்த சுற்றுலா" என்ற தலைப்பில் அதில் ஒரு கட்டுரை இருக்கும். முன்னுரை, புறப்பாடு, கண்ட காட்சிகள், முடிவுரை என்று வகை பிரித்து இருக்கும். அதை நெட்டுருப் போட வேண்டியது. பரீட்சையில் கொட்ட வேண்டியது. ஒரு வகுப்பில் 40 பேர் இருந்தால் 40 பேரும் ஒரே நாளில், ஒரே பஸ்சில், ஒரே ஊருக்குப் போய் வந்திருப்பார்கள்! எல்லோர் கண்ணுக்கும் இயற்கைக் காட்சிகள் விருந்து வைத்திருக்கும். எல்லோரும் பிரியா விடை பெற்று வீடு திரும்பியிருப்பார்கள்.

திருத்துகிற ஆசிரியருக்கும் இது தெரியும். பெற்றவர்களுக்கும் தெரியும். "மார்க் கிடைத்தால் சரி" என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இதில் யாருக்கு நஷ்டம்?

மாணவனுக்குத்தான். ஊட்டி பார்த்தவனுக்குத்தான் எழுத விஷயம் உண்டு என்று அவன் நினைத்துக்கொள்கிறான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரின் மகன், தன் வீட்டிலும் தெருவிலும் எழுதத் தகுந்தது ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறான். 14 வயதில் கட்டிய முடிவு அது. பிறகு அதை மாற்றுவது லேசல்ல. எழுத்து என்றாலே அடுத்தவர் சரக்கு, நம் சரக்கு இல்லை என்று ஆகிவிடுகிறது.

ஆனால், அந்தப் பையனும் தினமும் பிரயாணம் செய்கிறான். பள்ளிக்கூடத்துக்குப் போக 10 கிலோ மீட்டர், திரும்பி வர 10 கிலோ மீட்டர். அதை யாரும் பிரயாணம் என்று சொல்வதில்லை. சொன்னால் என்ன?

திண்டுக்கல் ரோடுகள்

திண்டுக்கல் நாலு பக்கமும் ரோடு பிரியும் ஊர். ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரிக்குப் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊரை ஒட்டிப் போகிறது. வடக்கே வேடசந்தூர், கரூர். தெற்கே சின்னாளபட்டி, மதுரை. மேற்கே ஒட்டன்சத்திரம், பழனி. கிழக்கே நத்தம். தென்மேற்கே போனால் வத்தலக்குண்டு. அதைத் தாண்டினால் கொடைக்கானல் மலை.

காலையில் பஸ்நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். நிலக்கோட்டைப் பக்கத்துப் பூக்கூடை இறங்குகிறது. சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலைக் கட்டு இறங்குகிறது. மில் வேலை முடிந்தவர்கள் தூங்கிக்கொண்டே இறங்குகிறார்கள். காய்கறிச் சிப்பம் ஏறுகிறது. சீருடை போட்ட பிள்ளைகள் இந்தக் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வருகிறார்கள். அவர்கள் கையில் இலவச பஸ் பாஸ் இருக்கிறது.

ஊருக்குள் ஒரு மலைக்கோட்டை உண்டு. திண்டு போன்ற பாறை. அதனால்தான் திண்டுக்கல் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1605-ல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்டினார். பிறகு ஐதர் அலி, திப்பு சுல்தான் கைக்குப் போயிற்று. 1790-ல் வெள்ளைக்காரர்கள் பிடித்தார்கள்.

"உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்" என்றால் பிள்ளைகள் இந்தக் கோட்டையைத்தான் எழுதுவார்கள். வருஷங்களை வரிசையாக அடுக்குவார்கள். தப்பில்லை. ஆனால் அதுவும் நோட்சில் இருப்பதுதான். கோட்டையில் இப்போது ராஜா இல்லை. பஸ்சில் ஆள் இருக்கிறார்கள். கதைக்கு ஆள்தானே வேண்டும்!

திண்டுக்கல் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் பெற்ற பூட்டு. 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால், அலிகார் போன்ற இடங்களில் இயந்திரத்தில் செய்த பூட்டுகள் மலிவாக வந்தபோது இங்கே கையால் பூட்டுச் செய்தவர்கள் பலர் பட்டறையை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். தாத்தா பட்டறைக்கு நடந்துபோன தெரு வழியாகத்தான் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். அது கதை இல்லையா?

சிறுமலை வழி

ரோட்டை வைத்துக் கதை சொல்வது தமிழனுக்குப் புதிது அல்ல. சிலப்பதிகாரமே பாதி ரோட்டுக் கதைதான்.

கோவலனும் கண்ணகியும் புகார் நகரை விட்டுப் புறப்படுகிறார்கள். கால்நடையாக மதுரைக்குப் போகவேண்டும். கண்ணகி வீட்டை விட்டு வெளியே வந்து பழக்கம் இல்லாதவள். சிறிது தூரம்தான் நடந்திருப்பார்கள். அதற்குள், "மதுரை எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறாள். 30 காதம் போகவேண்டும். கோவலன் அந்தக் கணக்கைச் சொல்கிறான். ஆனால் 'பக்கம்தான்' என்று சொல்லிச் சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பு எப்படிப்பட்ட சிரிப்பு? சந்தோஷமா, துக்கமா? இளங்கோவடிகள் பக்கம் பக்கமாக விளக்கவில்லை. அவள் கேட்டாள், இவன் சிரித்தான். அவ்வளவுதான். கையில் காசு இல்லாத புருஷன், கால் நோகும் பெண்டாட்டி, போகவேண்டிய தூரம் எல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. இன்றைக்கும் பஸ்சில் குழந்தை, "அம்மா, ஊர் வந்திடுச்சா?" என்று கேட்கிறது. அம்மா, "இதோ வந்திரும்" என்கிறாள். ஊர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்!

இன்னும் ஒரு சங்கதி. உறையூரைத் தாண்டியதும் மாங்காட்டு மறையவர் ஒருவரை அவர்கள் சந்திக்கிறார்கள். மதுரைக்கு எப்படிப் போவது என்று கோவலன் கேட்கிறான். கொடும்பாளூர்ப் பக்கத்தில் பாதை மூன்றாகப் பிரியும், சிவபெருமான் கையில் உள்ள சூலம் போல இருக்கும் என்கிறார் மறையவர். வலது பக்கத்து வழியில் போனால் என்ன தெரியும் என்று சொல்கிறார். முதலில் காய்ந்த காடு. தண்ணீர் இல்லாத வறண்ட நிலம். வேட்டுவர் இருப்பிடம். பிறகு நெல், கரும்பு, தினை, வரகு, மஞ்சள், வாழை, கமுகு, தென்னை, மா, பலா. இத்தனையும் சூழ்ந்திருக்க, பாண்டியனின் சிறுமலை தோன்றும் என்கிறார்.

சிறுமலை! திண்டுக்கல் பிள்ளைகள் தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிற அதே சிறுமலை.

சிறுமலையில் இன்றும் வாழை இருக்கிறது. சிறுமலைப் பழம் என்றால் தனி ருசி. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. வண்டி போகாத தோட்டங்களில் இருந்து குதிரை முதுகில் தார் இறங்கும்.

வேடிக்கை என்னவென்றால், கோவலனும் கண்ணகியும் அந்த வழியில் போகவே இல்லை. நடு வழியில் போனார்கள். போகாத வழிக்கே இத்தனை விவரம்!

தமிழ் ஆசிரியர் இந்தப் பகுதியைப் பாடம் நடத்தும்போது செய்யுளுக்குப் பொருள் சொல்வதோடு நிறுத்தவேண்டியது இல்லை. "மறையவர் தன் வழியைச் சொன்னார். இப்போது நீ உன் வழியைச் சொல். உன் வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் வரும் வழியில் முதலில் என்ன வரும்? பிறகு என்ன வரும்?" என்று கேட்கலாம். ஒரு பையனும் "தெரியாது" என்று சொல்லமாட்டான்.

நத்தைப் பந்தயம்

இப்படி வழியில் கண்டதை வைத்து எழுதக் கற்பித்த ஓர் ஆசிரியர் பிரான்சு நாட்டில் இருந்தார். அவர் பெயர் செலஸ்தேன் பிரெனே. 1896-ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போனார். 1917-ல் குண்டு பாய்ந்து நுரையீரல் கெட்டது. 1920-ல் பார்-சுர்-லூ என்ற மலைக் கிராமத்தில் ஆசிரியர் ஆனார்.

அவருக்குப் பெரிய கஷ்டம் இருந்தது. தொண்டை கிழியப் பாடம் நடத்த முடியாது. கொஞ்சம் பேசினாலே மூச்சு வாங்கும். என்ன செய்வது?

பிள்ளைகளை வெளியே அழைத்துக்கொண்டு போனார். ஆற்றங்கரை, வயல், கொல்லன் பட்டறை, நெசவு நடக்கும் இடம் என்று சுற்றினார்கள். வகுப்புக்குத் திரும்பியதும் பார்த்ததைப் பிள்ளைகள் சொல்வார்கள். அதைக் கரும்பலகையில் எழுதுவார்கள். எல்லோரும் சேர்ந்து சொல் மாற்றிச் சரிசெய்வார்கள். ஒரு நாள் நத்தைகளுக்கு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். பாடப் புத்தகத்தை மூடிவிட்டு அந்தப் பந்தயத்தையே எழுதினார்கள்.

அதோடு விடவில்லை. பிரெனே சிறிய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கினார். பிள்ளைகளே எழுத்துக் கோர்த்து, தாங்கள் எழுதியதை அச்சடித்தார்கள். அதைத் தபாலில் அனுப்பினார்கள். யாருக்கு? நாட்டின் மறு கோடியில், கடற்கரை ஓரத்தில் உள்ள த்ரெகுங்க் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு. அந்தப் பிள்ளைகள் கடலைப் பற்றியும் மீன் பிடிப்பதைப் பற்றியும் எழுதி இங்கே அனுப்பினார்கள். மலைப் பிள்ளைகள் கடலைப் படித்தார்கள். கடல் பிள்ளைகள் மலையைப் படித்தார்கள்.

எழுதியதைப் படிக்க வேறு ஊரில் ஒருவன் காத்திருக்கிறான் என்று தெரிந்ததும் அந்த ஏழைப் பிள்ளைகள் எழுத்துப் பிழையைத் தாங்களாகவே பார்த்துத் திருத்தினார்களாம். இதைவிட வேறு என்ன வேண்டும்? பிரெனே 1966-ல் காலமானார். அவர் வழியில் நடக்கும் பள்ளிகள் இன்னும் பல நாடுகளில் இருக்கின்றன.

திண்டுக்கல்லுக்கும் இது தூரத்துச் சங்கதி அல்ல. 1947-ல் டாக்டர் சவுந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். கைவேலையோடும் கிராமத்தோடும் ஒட்டித்தான் படிப்பு இருக்கவேண்டும் என்பது காந்திஜியின் ஆதாரக் கல்வி. அந்த எண்ணத்தில் பிறந்த நிறுவனம் அது. பிள்ளை தன்னைச் சுற்றி உள்ளதில் இருந்து படிக்கவேண்டும் என்று காந்திஜி இங்கே சொன்னார். ஏறக்குறைய அதே காலத்தில் பிரெனே அங்கே செய்தார்.

கண்டக்டரும் வாழைத்தாரும்

சரி, வகுப்பில் எப்படிச் செய்வது?

ஒரு மாணவி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பு. நத்தம் ரோட்டில், கோபால்பட்டிப் பக்கத்தில் வீடு. தினமும் பஸ்சில் திண்டுக்கல் வருகிறாள். "நேற்று பஸ்சில் வந்ததை எழுது" என்கிறார் ஆசிரியை. அவள் இப்படி எழுதுகிறாள்:

"நான் தினமும் பஸ்சில் பள்ளிக்கு வருவேன். வழியில் இயற்கைக் காட்சிகள் மனதைக் கவரும். பயணம் மிகவும் இனிமையாக இருக்கும்."

நோட்ஸ் வாசனை போகவில்லை, பாருங்கள்! ஆனால் ஆசிரியை கோபிக்கக்கூடாது. சிவப்பு மையை எடுக்கக்கூடாது. கேள்விதான் கேட்கவேண்டும்.

"எந்த இயற்கைக் காட்சி?"

"சிறுமலை, டீச்சர்."

"பஸ்சுக்கு எந்தப் பக்கம் தெரியும்?"

"வரும்போது இடது பக்கம்."

"நேற்று எப்படி இருந்தது?"

"உச்சி தெரியலை. மேகம் மூடியிருந்தது."

"உட்கார இடம் கிடைத்ததா?"

"எனக்குக் கிடைத்தது. ஒரு தாத்தாதான் நின்றுகிட்டே வந்தார். வாழைத்தார் வைத்திருந்தார். கண்டக்டர் சண்டை போட்டார்."

இங்கேதான் கதை இருக்கிறது! மாணவிக்கு அது தெரியாது. வாழைத்தார், கண்டக்டர் எல்லாம் கட்டுரையில் வரக்கூடாத சங்கதி என்று அவள் நினைத்திருந்தாள். ஆசிரியை விடாமல், "என்ன சண்டை?" என்று கேட்கவேண்டும். கடைசியாக, "அப்போது நீ என்ன செய்தாய்?" என்றும் கேட்கவேண்டும்.

மாணவி பேசமாட்டாள். தலையைக் குனிந்துகொள்வாள். பிறகு எழுதுவாள். இரண்டாவது தடவை எழுதியது இப்படி இருக்கலாம்:

"சாணார்பட்டியில் ஒரு தாத்தா ஏறினார். தோளில் வாழைத்தார். சிறுமலைப் பழம். பஸ் முழுக்க வாசம் அடித்தது. 'தாருக்கு லக்கேஜ் எடுக்கணும் பெரியவரே' என்றார் கண்டக்டர். 'பேரனுக்குக் கொண்டுபோறேன்யா, விக்கிறதுக்கு இல்லை' என்றார் தாத்தா. 'யாருக்குன்னாலும் லக்கேஜ் லக்கேஜ்தான்' என்றார் கண்டக்டர். தாத்தா மடியை அவிழ்த்துக் காசை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். பத்து ரூபாய் குறைந்தது. என் ஜாமெட்ரி பாக்சில் பத்து ரூபாய் இருந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். சிறுமலை உச்சியை மேகம் மூடியிருந்தது."

முதலில் எழுதியதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. உவமை இல்லை. ஆனால் படிக்கிறவருக்குச் சுருக்கென்று தைக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்ற அவள் அம்மாவும் இதைப் படித்துப் புரிந்துகொள்வாள்.

இந்த இடத்தில் ஆசிரியை ஒரு காரியம் செய்யாமல் இருக்கவேண்டும். "எனவே நாம் பிறருக்கு உதவவேண்டும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லக்கூடாது. நம் பள்ளிக்கூடங்களில் இந்த வரி இல்லாமல் கட்டுரை முடிவதே இல்லை. பத்து ரூபாயை மறைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தவளுக்கு அந்த வரி ஏற்கெனவே தெரியும்.

அடுத்த வாரம்தான் கற்பனை வருகிறது. "அந்தத் தாத்தா எங்கே போனார்? பேரன் யார்? பழம் அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா? உனக்குத் தெரியாது. இனி நீயே சொல்" என்று ஆசிரியை சொல்கிறார். பாதி நிஜம் கையில் இருக்கிறது. மீதியை மாணவி கட்டுகிறாள். ஒருத்தி தாத்தாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாள். இன்னொருத்தி ஆஸ்டலுக்கு அனுப்புவாள். மூன்றாமவள் கண்டக்டரின் கதையைச் சொல்வாள். அன்று அவருக்கு வசூல் குறைந்தால் டெப்போவில் என்ன பதில் சொல்வார் என்று யோசிப்பாள். அதுவும் நல்ல கதைதான். கண்டக்டர் கெட்டவர் என்று யார் சொன்னது?

எழுதுவதற்கு முன்னால் வாயால் சொல்லச் சொல்வது நல்லது. பேனாவைக் கண்டால் பயப்படும் பையன், பேசச் சொன்னால் வெளுத்துக் கட்டுவான். அவன் பேசியதைப் பக்கத்துப் பையன் குறித்துக்கொள்ளலாம். எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை பார்ப்பது கடைசி வேலை. முதல் வரியிலேயே "க்" விட்டுப் போச்சு என்று அதட்டினால் அவன் இரண்டாவது வரி எழுதமாட்டான்.

பேச்சு வார்த்தையைப் பேசுகிற மாதிரியே எழுதவிடவேண்டும். தாத்தா, "வணக்கம் நடத்துநரே" என்று பேசமாட்டார்!

வாசித்துக் காட்டவும் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. ஏ.கே.செட்டியார் பயணக் கட்டுரை எழுதிப் பெயர் பெற்றவர். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர். காந்திஜியைப் பற்றிப் படம் எடுப்பதற்காக உலகம் சுற்றினார். 1940-ல் அந்தப் படம் வெளிவந்தது. எவ்வளவோ நாடு பார்த்தவர். ஆனால் அவர் எழுத்தில் ஆடம்பரம் கிடையாது. சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். தமிழ்நாட்டில் 100 ஆண்டுகளுக்கு முன்னால் பலர் எழுதிய பயணக் கட்டுரைகளைத் தேடி எடுத்து 1968-ல் ஒரு தொகுப்பாகவும் வெளியிட்டார். மாட்டு வண்டிக் காலத்துப் பிரயாணம் எப்படி இருந்தது என்று பிள்ளைகள் கேட்டால் வாயைப் பிளப்பார்கள்.

சிரிக்கக்கூடாது

இதில் ஆபத்தும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

பிள்ளைகள் நிஜத்தை எழுத ஆரம்பித்தால் எல்லா நிஜமும் வரும். அப்பா குடித்துவிட்டு பஸ்சில் விழுந்தது வரும். தோல் ஷாப்பில் வேலை செய்யும் அம்மா மேல் வாடை அடிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவள் எழுந்து போனது வரும். டீக்கடையில் யாருக்கு எந்தத் தம்ளர் என்பதும் வரும். அதைக் கேட்டு வகுப்பு சிரித்தால் அந்தப் பிள்ளை அதற்குமேல் ஒரு வரியும் எழுதாது. அதனால், எழுதியவர் சம்மதம் இல்லாமல் எதையும் உரக்கப் படிக்கக்கூடாது. "இதை டீச்சர் மட்டும் படிக்கவும்" என்று மேலே எழுதிக் கொடுக்க இடம் தரவேண்டும்.

பெண் பிள்ளைகள் பஸ்சில் படும் தொல்லையும் எழுத்தில் வரலாம். கூட்டத்தில் ஒருவன் இடித்தான், பின்னாலேயே வந்தான் என்று ஒரு மாணவி எழுதினால் அது கட்டுரை அல்ல, புகார். அங்கே மார்க் போடும் வேலை நின்றுவிடவேண்டும். தலைமை ஆசிரியரிடம் சொல்லவேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. பெற்றோரிடமும் பக்குவமாகப் பேசவேண்டும். "நாளையில் இருந்து பள்ளிக்கூடம் போகவேண்டாம்" என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டால் எழுதிய பெண்ணுக்கே தண்டனை ஆகிவிடும். பல வீடுகளில் பெண்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு இந்தப் பயமே காரணம்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே? போர்ஷன் முடிக்கவேண்டாமா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வாரத்தில் ஒரு பீரியடு போதும். அதுவும் பத்தாம் வகுப்பில் வேண்டாம். எட்டிலும் ஒன்பதிலும் செய்யலாம். சொந்தமாகப் பத்து வரி எழுதத் தெரிந்தவனுக்குப் பரீட்சையில் எந்தத் தலைப்பு வந்தாலும் கை நடுங்காது. நெட்டுருப் போட்டவனுக்கோ, ஒரு வரி மறந்தால் அடுத்த வரியும் போயிற்று.

வத்தலக்குண்டு எழுத்தாளர்கள்

"எழுத்தாளர் ஆவதற்கு எல்லாம் மெட்ராசில் பிறக்கவேண்டும்" என்று நினைக்கிறவர்கள் வத்தலக்குண்டு பஸ்சில் ஏறிப் பார்க்கலாம்.

ஒரே ஊர். மூன்று பெரிய எழுத்தாளர்கள். பி.ஆர்.ராஜமய்யர் 1872-ல் அங்கே பிறந்தார். 1893-ல் 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு 21 வயது. தமிழில் முதன்முதலில் வந்த நாவல்களில் அது ஒன்று. மதுரைப் பக்கத்துக் கிராமத்து மனிதர்கள் அதில் வாழ்கிறார்கள்; வம்பு பேசுகிறார்கள்; வழக்கு அடிக்கிறார்கள். 26 வயதிலேயே அவர் இறந்துவிட்டார்.

அடுத்தவர் பி.எஸ்.ராமையா. 1905-ல் பிறந்தவர். 'மணிக்கொடி' பத்திரிகையைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திப் புகழ் பெற்றார்.

மூன்றாமவர் சி.சு.செல்லப்பா. 1912-ல் பிறந்தவர். வத்தலக்குண்டில் வளர்ந்தவர். ஜல்லிக்கட்டை வைத்து 'வாடிவாசல்' எழுதியவர் இவர்தான். 1959-ல் 'எழுத்து' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். புத்தகங்களும் வெளியிட்டார். வாங்க ஆள் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். அவர் பிரயாணத்தையே ஒரு கதையாக எழுதலாம்! 2001-ம் ஆண்டு, 'சுதந்திர தாகம்' நாவலுக்காக அவருக்குச் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அப்போது அவர் உயிருடன் இல்லை.

இவர்கள் யாரும் ஊட்டியைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கவில்லை.

கையெழுத்துப் பத்திரிகை

பிள்ளைகள் எழுதியதை நோட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தால் பலன் இல்லை. யாராவது படிக்கவேண்டும். அச்சு இயந்திரம் தேவை இல்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களிலும் படிப்பகங்களிலும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். நல்ல கையெழுத்து உள்ளவன் எழுதுவான். படம் வரையத் தெரிந்தவள் அட்டை போடுவாள். ஒரே ஒரு பிரதிதான். அது கை மாறிக் கை மாறி, ஓரம் கிழிந்து, எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். அதை இன்றும் செய்யலாம். 2022-ல் பள்ளிக் கல்வித் துறையும் மாணவர்களுக்காக 'தேன்சிட்டு' என்ற இதழைத் தொடங்கியது.

பிரெனே செய்தது போலத் தபால் பழக்கமும் நம் ஊருக்குப் பொருந்தும். திண்டுக்கல் சமவெளியில் உள்ள பள்ளிக்கூடம் ஒன்று, ராமேசுவரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்துகொள்ளலாம். இங்கே இருந்து வாழைத்தார்க் கதை போகும். அங்கே இருந்து வலைக் கதை வரும். மழையே வராத மாதத்தில் இவர்கள் குளத்தைப் பற்றி என்ன எழுதுவார்கள், புயல் கூண்டு ஏற்றிய நாளில் அவர்கள் கடலைப் பற்றி என்ன எழுதுவார்கள் என்று இரண்டு பக்கமும் காத்திருக்கும்.

தை மாதத்து ரோடு

ரோட்டுக் கதை எழுதப் பழக, திண்டுக்கல்லில் தை மாதத்தை விட நல்ல மாதம் கிடையாது.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் திண்டுக்கல் வழியாகப் போவார்கள். மதுரைப் பக்கம் இருந்து வருவார்கள். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடி எடுத்து, நத்தம் வழியாக வருவார்கள். பல தலைமுறையாக நடக்கிற நடை அது. திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு இன்னும் 60 கிலோ மீட்டர் இருக்கிறது. ரோட்டோரத்தில் மோர்ப் பந்தல் இருக்கும். அன்னதானம் நடக்கும். ராத்திரி நடக்கிறவர்கள் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டியிருப்பார்கள். லாரி வந்தால் தெரியவேண்டுமே!

ஒரு சனிக்கிழமை காலையில் ஆசிரியர் பிள்ளைகளை ஒரு மோர்ப் பந்தலுக்கு அழைத்துப் போகலாம். கையில் நோட்டு, பென்சில் போதும். செல்போன் வேண்டாம், படம் பிடித்தால் கண் பார்க்காது. "உங்கள் வேண்டுதல் என்ன?" என்று எடுத்த எடுப்பில் கேட்கக்கூடாது. அது அவரவர் சொந்த விஷயம். முதலில் மோர் கொடுக்கவேண்டும். "எந்த ஊரில் இருந்து வர்றீங்க?" என்று கேட்கலாம். "கால் வலிக்குதா?" என்று கேட்கலாம்.

நடந்து வந்தவர் உட்கார்ந்து, செம்பை வாங்கி, ஒரு மடக்குக் குடித்தபின் தாமாகவே ஆரம்பிப்பார். அப்போது குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளவேண்டியதுதான்.